வறண்ட பாலத்தில் வாங்கிய டிஃப்லிஸ் குபேர்னியா வரைபடம்

வாங்கியது: ரஷ்யப் பேரரசுக் காலத்து டிஃப்லிஸ் (இன்றைய திபிலீசி, ஜார்ஜியாவின் தலைநகர்) குபேர்னியாவின் சுவர் வரைபடம், மறு அச்சு. அளவு சுமார் 60க்கு 45 சென்டிமீட்டர். கேன்வாஸ் மாதிரி சொரசொரப்பான தடித்த காகிதம். கேட்ட விலை 140 லாரி (ஜார்ஜியப் பணம்), கொடுத்தது 110. நம்ம காசுக்கு மூவாயிரத்து நானூறு சொச்சம்.

மகள் திபிலீசியில் எம்பிபிஎஸ் படிக்கிறாள். போன மே மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பரீட்சைப் படிப்பு, எனக்குப் பொழுது போகவில்லை. தனியாகக் கிளம்பி வறண்ட பாலத்துச் சந்தைக்குப் போனேன். ஊரில் இருக்கும் அத்தனை பழைய சாமானும் அங்கேதான் வந்து சேர்கிறது. சோவியத் பதக்கம், கேமரா, கத்தி, தாத்தாவின் மூக்குக்கண்ணாடி, பாதி செட் பீங்கான் கோப்பை. கடை என்று தனியாக எதுவும் கிடையாது. கார் பானெட்டும் தரையில் விரித்த போர்வையும்தான். அதனால் விற்றவர் யார் என்று எழுத வழியும் இல்லை, எழுதப்போவதும் இல்லை.

பாலத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், அடியில் தண்ணீர் இல்லை, கார் ஓடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், வோரன்ட்சோவ் அரசப் பிரதிநிதியாக இருந்த காலத்தில், மத்க்வாரி ஆற்றின் கிளை ஒன்றின் மேல் கட்டியது. சோவியத் காலத்தில் அந்தக் கிளையைத் தூர்த்து ரோடு போட்டுவிட்டார்கள். ஆறு போய்விட்டது, பாலம் நிற்கிறது. இந்த வோரன்ட்சோவ் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

நான் வருவாய்த் துறையில் முப்பத்தொரு வருஷம் இருந்துவிட்டுத் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள். வரைபடம் என்றால் மற்ற பெண்கள் புடவையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பேன். முதலில் ஓரம், அப்புறம் எல்லை, அப்புறம்தான் நடு. இந்தப் படத்தைப் பார்த்ததும் கை தானாக நீண்டது. ஒவ்வொரு உயேஸ்துக்கும் ஒரு வெளிர் நிறம், மலைக்குப் பழுப்புத் தூரிகைக் கோடுகள், ஆற்றுக்கு நீலம், கொசுவின் கால் மாதிரி எழுத்து. குபேர்னியா என்பது மாகாணம் அல்லது பெரிய மாவட்டம், உயேஸ்து என்பது நம் தாலுகா என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். உயேஸ்து நம் தாலுகாவைவிட ரொம்பப் பெரியது, அவ்வளவுதான்.

மேல் மூலையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஆங்கிலத்திலும் ரஷ்யனிலும் "டிஃப்லிஸ் குபேர்னியா, 1846". விற்றவர் அந்த 1846ஐ விரலால் மூன்று தடவை தட்டிக் காட்டினார். "ஒரிஜினல் டேட்" என்றார். நான் 110க்கு இறக்கினேன். பெரிய வெற்றி என்ற நினைப்போடு வீடு வந்தேன்.

மகள் பார்த்தாள். "ம்மா, இத எங்க மாட்டப் போற? நம்ம வீட்டு ஹால்ல ஏற்கெனவே மூணு மேப் இருக்கு." அதற்குப் பதில் சொல்லவில்லை. தரையில் விரித்து நான்கு மூலைக்கும் அவளுடைய அனாடமி புத்தகத்தை வைத்து அழுத்திவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் சந்தேகம் எரிவானில் வந்தது. எரிவான் என்பது இன்றைய யெரெவான், அர்மீனியாவின் தலைநகர். என் படத்தில் அது நிறம் பூசாத வெள்ளைப் பகுதியில், எல்லைக்கு வெளியே கிடந்தது. 1846 என்றால் அது உள்ளே இருக்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். ஜார்ஜியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டது 1801இல். பால் சக்கரவர்த்தி ஓர் அறிக்கை விட்டார், அவர் கொல்லப்பட்ட பின் அலெக்ஸாண்டர் அதே வருஷம் செப்டம்பரில் அதை உறுதி செய்து இன்னோர் அறிக்கை விட்டார். 1802 ஏப்ரலில் டிஃப்லிஸ் சியோனி தேவாலயத்தில் ஜார்ஜியப் பிரபுக்களைக் கூட்டி, சுற்றிலும் துருப்பை நிறுத்தி, அதை வாசித்துச் சத்தியம் வாங்கினார்கள். பழைய ராஜ்ஜியத்தை ஐந்து உயேஸ்தாக வெட்டினார்கள்: கோரி, லோரி, துஷேத்தி, தெலாவி, சிக்னாகி. அதுவரை ஊருக்கு ஊர் மௌரவி என்ற பரம்பரை அதிகாரிகள் இருந்தார்கள். அந்த இடத்தில் ரஷ்ய அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். மறு வருஷமே, மறைந்த மன்னரின் மனைவி மரியம் ராணியை ரஷ்யாவுக்கு ஏற்றி அனுப்ப வந்த ஜெனரல் லாசரெவை அந்த அம்மாள் கத்தியால் குத்திக் கொன்றார். ஆட்சி கைமாறுவதை நாம் கோப்பில் ஒரு தேதியாகப் படித்துவிட்டுப் போகிறோம். அங்கே அது படுக்கையறை வரைக்கும் போயிருக்கிறது.

அப்புறம் நாற்பது வருஷத்தில் பாரசீகத்திடமிருந்தும் துருக்கியிடமிருந்தும் இடம் சேரச் சேர, எப்படி நிர்வகிப்பது என்றே ரஷ்யர்களுக்குப் பிடிபடவில்லை. 1840இல் ஹான் என்ற செனட்டர் தலைநகரிலிருந்து வந்து ஒரு திட்டம் போட்டார். மலைக்குத் தெற்கே இருப்பதையெல்லாம் இரண்டாக்கி, ஒன்றுக்கு ஜார்ஜிய–இமெரேத்தி குபேர்னியா என்றும் மற்றதற்குக் காஸ்பியன் ஓப்லாஸ்து (குபேர்னியா மாதிரி இன்னொரு வகை நிர்வாகப் பிரிவு) என்றும் பெயர் வைத்தார். உள்ளூர் வழக்கத்தைப் பற்றிக் கவலைப்படாமல் மத்திய ரஷ்யாவின் சட்டத்தை அப்படியே கொண்டுவந்து கவிழ்த்தார். ஏழு வருஷம்கூடத் தாங்கவில்லை. இந்த மாதிரித் திட்டங்கள் எப்படிச் செய்யப்படும் என்று எனக்குத் தெரியும். ஏசி அறையில் மேப்பில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார்கள்.

அதைச் சரி செய்ய வந்தவர்தான் வோரன்ட்சோவ். ஜார் மன்னரின் நேரடிப் பிரதிநிதி, 'நமேஸ்த்னிக்'. 1846 டிசம்பரில் அந்த இரண்டை நான்காக்கினார்: டிஃப்லிஸ், குதாயிஸ், ஷெமாகா, தெர்பென்ட். டிஃப்லிஸ் குபேர்னியா பிறந்தது அப்போதுதான். பிறக்கும்போது அது பெரிய பிள்ளை. எரிவான், நகிச்செவான், அலெக்ஸாண்ட்ரபோல், எலிசவெத்பொல் எல்லாம் அதன் வயிற்றுக்குள். அரராத் மலையின் அடிவாரம் வரை டிஃப்லிஸ் கவர்னரின் கையெழுத்து செல்லுபடியாகும். மூன்றே வருஷம். 1849இல் எரிவானைத் தனி குபேர்னியாவாக அறுத்துக் கொடுத்துவிட்டார்கள். 1868இல் எலிசவெத்பொல், அதாவது இன்றைய அஜர்பைஜானின் கஞ்சா பக்கம், தனியாகப் போனது.

ஆக 1846 படத்தில் எரிவானும் எலிசவெத்பொலும் நிறம் பூசி இருக்க வேண்டும். என் படத்தில் இரண்டும் வெள்ளை.

சரி, 1868க்குப் பிறகு என்று வைத்துக்கொண்டு அடுத்த மூலைக்குப் போனேன். தென்மேற்கில் அகல்சிகே, அகல்கலாகி. இரண்டும் 1829 வரை துருக்கிக்காரர்களிடம் இருந்தவை, அத்ரியானோப்பிள் ஒப்பந்தத்தில் ரஷ்யாவுக்கு வந்தவை. 1846இல் அகல்சிகே டிஃப்லிஸில் இல்லவே இல்லை, குதாயிஸில் இருந்தது. பிற்பாடு 1860களில்தான் இந்தப் பக்கம் மாற்றினார்கள். அகல்கலாகி தனி உயேஸ்தானது 1874இல். என் படத்தில் இரண்டும் தனித்தனி நிறத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. அதற்கும் மேற்கே துருக்கி எல்லை வர வேண்டிய இடத்தில் "கார்ஸ் ஓப்லாஸ்து" என்று எழுதியிருந்தது. கார்ஸ் ரஷ்யாவுக்குக் கிடைத்தது 1878இல், துருக்கிப் போருக்குப் பின்.

தெற்கே போர்ச்சாலோ உயேஸ்து. அது டிஃப்லிஸ் உயேஸ்திலிருந்து பிரிந்தது 1880இல்.

இங்கே ஒரு தொழில் ரகசியம். வரைபடம் எப்போதும் பின்தங்கித்தான் ஓடும். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ரப்பர் ஸ்டாம்ப் அன்றைக்கே வந்துவிட்டது, பெயர்ப் பலகை ஒரு வாரத்தில் வந்தது. என் அறைச் சுவரில் பழைய ஒன்றுபட்ட வேலூர் நான் ஓய்வு பெறும் நாள் வரை தொங்கியது. அதனால் படம் பழைய எல்லையைக் காட்டினால் அதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. வரப்போகும் எல்லையைக் காட்டினால் கதையே வேறு. 1846இல் உட்கார்ந்து 1880இல் பிரியப்போகும் உயேஸ்துக்கு நிறம் அடித்த ஓவியன் ஜோசியனாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்து ரயில். கறுப்புக் கோட்டில் குறுக்குக் கட்டைகள் போட்டுக் காட்டியிருக்கிறது. கருங்கடலோரம் போத்தியிலிருந்து டிஃப்லிஸ் வரை 1872இல் முடிந்த பாதை; பாக்கு வரை 1883. இந்த இரண்டும் இருக்கின்றன. டிஃப்லிஸிலிருந்து தெற்கே போர்ச்சாலோ வழியாக அலெக்ஸாண்ட்ரபோல் போய்க் கார்ஸைத் தொடும் பாதையும் இருக்கிறது. கார்ஸுக்கு ரயில் ஓடியது 1899இல். கிழக்கே ககேத்தியில் தெலாவிக்கு மட்டும் ரயில் காணோம். அது முதல் உலகப்போர் நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தது. ஆக என் படம் 1899க்குப் பின், உலகப்போருக்கு முன். சீட்டில் இருந்த தேதி அரை நூற்றாண்டுக்கு மேல் பிசகு.

அசல் தேதி எங்கே போனது? கீழ் ஓரத்தில். அச்சகத்தின் பெயரும் வருஷமும் இருக்க வேண்டிய வரியை மறு அச்சுக்காரர்கள் பாதியில் வெட்டிவிட்டார்கள். எழுத்துகளின் தலை மட்டும், தண்ணீரில் மூழ்குகிறவர்கள் மாதிரி, வரிசையாகத் தெரிகிறது. 1846 என்று போட்டால் விலை ஏறும் என்று நினைத்திருப்பார்கள். குபேர்னியா தொடங்கிய வருஷம்தான் அது, அந்த மட்டில் பொய்யில்லை. படத்தின் தேதியாகச் சொன்னால் பொய்.

இனி பொருளின் தரம்.

எழுத்து: தெளிவு. லென்ஸ் வைத்தால் குக்கிராமப் பெயர்கூடப் படிக்கலாம். ஆனால் ரஷ்யன் தெரிந்தவர்களே திணறுவார்கள், 1918க்கு முந்தைய எழுத்துமுறை. சொல்லின் கடைசியில் உச்சரிப்பே இல்லாத கடினக் குறி, நடுவில் "யாத்" என்று இப்போது வழக்கொழிந்த ஓர் எழுத்து. உயேஸ்து என்ற சொல்லிலேயே இரண்டும் இருக்கின்றன. மகளின் வீட்டுக்காரம்மா சோவியத் பள்ளியில் ரஷ்யன் படித்தவர். அவரே முதல் ஐந்து நிமிஷம் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

அளவுகோல்: இங்கேதான் எனக்குக் கோபம். "ஓர் அங்குலத்துக்கு 20 வெர்ஸ்டு" என்று எழுதியிருக்கிறது. வெர்ஸ்டு என்பது 500 சஜென். சஜென் என்பது ரஷ்ய மன்னர் பீட்டர் காலத்திலிருந்து சரியாக ஏழு ஆங்கில அடி. ஆக ஒரு வெர்ஸ்டு 3,500 அடி, கிலோமீட்டரில் 1.067. டிஃப்லிஸிலிருந்து கோரி நேர்கோட்டில் சுமார் 65 கிலோமீட்டர், 61 வெர்ஸ்டு. எழுதியபடி மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். ஸ்கேல் வைத்தேன், இரண்டரை. படத்தைச் சுருக்கி அச்சிட்டுவிட்டு எழுத்தை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். பக்கத்திலேயே அளவுப் பட்டை வரைந்திருக்கிறது, அதுவும் கூடவே சுருங்கியதால் அதை நம்பலாம். வாங்குகிறவர்கள் எழுத்தை விட்டுவிட்டுப் பட்டையை வைத்து அளந்து பாருங்கள்.

தீர்க்கரேகை என்னை ஒரு மணி நேரம் சுற்றவிட்டது. டிஃப்லிஸ் 14½ பாகையில் இருக்கிறது! போனில் பார்த்தால் 44.8. அச்சுப் பிழை என்றே நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, ரஷ்யர்கள் கிரீன்விச்சிலிருந்து எண்ணவில்லை, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் புல்கோவோ வானாய்வகத்திலிருந்து எண்ணினார்கள். அதன் தீர்க்கரேகை 30.3. கூட்டினால் சரியாக வருகிறது. மறு அச்சுக்காரர்களை இந்த ஒரு விஷயத்தில் மன்னித்தேன்.

டீக்கறை: பழசு மாதிரித் தெரியட்டும் என்று மூன்று பழுப்புக் கறையை அச்சிலேயே போட்டிருக்கிறார்கள். நிஜக் கறை என்று நினைத்து ஈரத் துணியால் ஒற்றிப் பார்த்தவள் நான். மறுநாள் அதே சந்தையில் எனக்கு விற்றவரே குதாயிஸ் குபேர்னியா படம் ஒன்றையும் விரித்திருந்தார். அதே மூன்று கறை, அதே இடம், அதே வடிவம். டீ குடித்தவர் ரொம்ப நிதானமானவர்.

இதில் பெரிய கறை விழுந்திருக்கும் இடம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. போர்ச்சாலோ உயேஸ்தின் தென்பாதி. அங்கேதான் லோரி.

லோரியை மேலே ஒரு தடவை சொன்னேன், 1801இன் ஐந்து உயேஸ்துகளில் ஒன்று. பிறகு அந்தப் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது, நிலம் டிஃப்லிஸ் உயேஸ்துக்குள் போனது, 1880இல் போர்ச்சாலோவின் கீழ்ப்பாதியானது. போர்ச்சாலோ என்பது ஊர்ப்பெயர்கூட இல்லை அப்போது. உயேஸ்துத் தலைமையிடம் ஷுலாவேரி. வடக்கே சமவெளியில் பெரும்பாலும் துருக்கிய மொழி பேசுகிறவர்கள், தெற்கே மலைப்பக்கம் அர்மீனியர்கள், நடுநடுவே கிரேக்கர், ரஷ்யர், ஜெர்மானியர். பேரரசு இருந்தவரை இது ஒரு தாலுகா எல்லை, தபால்காரனுக்கும் வரி வசூலிப்பவனுக்கும் தவிர யாருக்கும் அக்கறையில்லை. 1917இல் ஜார் போனார். 1918 மே 26இல் ஜார்ஜியா தனிநாடு என்று அறிவித்தது; இரண்டு நாள் கழித்து அர்மீனியாவும் அஜர்பைஜானும். மூன்று நாட்டுக்காரர்களும் அறிவித்தது ஒரே கட்டடத்தில், டிஃப்லிஸில் நமேஸ்த்னிக் வாழ்ந்த அரண்மனையில். இன்றைய ருஸ்தாவேலி சாலையில் இருக்கிறது, நான் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

பிரிந்த அண்ணன் தம்பிக்குள் உடனே வழக்கு. குபேர்னியா எல்லைதான் நாட்டு எல்லை என்றது ஜார்ஜியா. அங்கே வாழ்கிறவர்களைப் பார் என்றது அர்மீனியா. டிசம்பரில் போர்ச்சாலோவிலும் அகல்கலாகியிலும் துப்பாக்கி பேசியது. வருஷக் கடைசி நாள் நள்ளிரவில் பிரிட்டிஷார் நடுவே வந்து நிறுத்தி, லோரியை நடுநிலைப் பகுதியாக்கினார்கள். கடைசியில் சோவியத்துகள் வந்து லோரியை அர்மீனியாவுக்குக் கொடுத்தார்கள். அகல்கலாகி ஜார்ஜியாவில் தங்கியது, இன்றும் அங்கே பெரும்பான்மை அர்மீனியர்தான். ஒரு குமாஸ்தா பேனாவால் போட்ட கோட்டுக்காக ஆள் செத்த இடம். அதன்மேல் போலி டீக்கறை.

கிழக்கு மூலையில் ஸகதாலா. அது உயேஸ்து இல்லை, ஓக்ருக். ராணுவ வாடை அடிக்கும் தனி நிர்வாகம். இதை டிஃப்லிஸுடன் சேர்ப்பதா வேண்டாமா என்று படத்திலும் தயக்கம் தெரிகிறது, நிறம் பூசி, சுற்றிலும் தடித்த கோடும் போட்டிருக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம் கிடைத்தது. 1897 மக்கள்தொகைக் கணக்கில் டிஃப்லிஸ் குபேர்னியாவுக்கு 10,51,032 பேர் என்று இருக்கிறது. உயேஸ்து வாரியாகத் தனியே பட்டியலும் இருக்கிறது: டிஃப்லிஸ் 2,34,632, கோரி 1,91,091, போர்ச்சாலோ 1,28,587, சிக்னாகி 1,02,313, அகல்கலாகி 72,709, அகல்சிகே 68,837, துஷேத்தி 67,719, தெலாவி 66,767, தியானெத்தி 34,153. பழக்கதோஷம், கூட்டிப் பார்த்தேன். 9,66,808தான் வந்தது. ஜமாபந்தியில் கணக்கு உதைத்தால் வரும் அதே வயிற்றுக் கலக்கம். மறுபடி கூட்டினேன், அதே எண். அப்புறம் ஸகதாலாவின் 84,224ஐச் சேர்த்தேன். 10,51,032, ஒரு ஆள் பிசகவில்லை. கணக்கெடுத்தவர்கள் ஸகதாலாவை உள்ளே வைத்துத்தான் எண்ணியிருக்கிறார்கள். அந்த ஸகதாலா இன்று அஜர்பைஜானில் இருக்கிறது. ஆக ஒரு குபேர்னியா, இன்றைக்கு மூன்று நாடு.

குறியீட்டுப் பட்டியலில் தந்திக்கம்பிக்குத் தனிக் கோடு கொடுத்திருக்கிறார்கள். டிஃப்லிஸ் வழியாகத் தெற்கே ஓடும் கோட்டைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அதிலேயே இருந்தேன். சீமென்ஸ் சகோதரர்கள் 1870இல் லண்டனிலிருந்து ஒடெஸா, டிஃப்லிஸ், டெஹ்ரான் வழியாக இந்தியா வரை செய்தி போக இழுத்த கம்பி இந்த ஊரைத் தொட்டுத்தான் போனது. இந்தக் கம்பியில் போன கல்கத்தா செய்தி டிஃப்லிஸைத் தாண்டித்தான் லண்டன் போயிருக்கிறது.

படத்தைப் பார்க்க வந்த வீட்டுக்காரம்மாவுக்குச் சொந்த ஊர் பொல்னிசி. தேடினார், இல்லை. "எங்க ஊரை விட்டுட்டாங்க" என்று மகளிடம் குறைப்பட்டார். மகள் போனில் மொழிபெயர்க்க, நான் லென்ஸோடு ஆற்றை ஒட்டிப் போனேன். பொல்னிசி இருக்க வேண்டிய இடத்தில் "எகதெரினென்ஃபெல்ட்" என்று இருந்தது. வீட்டுக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார். 1818இல் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க்கிலிருந்து வந்த குடியேறிகள் வைத்த பெயர் அது, காதரினென்ஃபெல்ட். சோவியத்துகள் லக்ஸம்பர்க் என்று மாற்றினார்கள். 1941இல் ஜெர்மானியர்களை மொத்தமாக ரயிலேற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பிய பிறகுதான், 1943இல், பொல்னிசி ஆனது. தன் அம்மா திருமணமாகிப் போன வீடு ஒரு ஜெர்மன்காரனுடையது, நிலவறையில் அவன் விட்டுப்போன ஒயின் பீப்பாய் இருந்தது என்றார். பிறகு கறையின்மேல் விரலை வைத்து, இதுக்குக் கீழே என்ன என்று கேட்டார். "லோரி" என்றேன். "ஓ" என்றார். அதற்கு மேல் மகள் மொழிபெயர்க்க எதுவும் இல்லை.

ஒருமுறை திரும்பக் கொடுத்துவிடலாமா என்று சந்தைக்குப் போனேன். விற்றவரிடம் எரிவானையும் ரயிலையும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், யாரும் இப்படிப் பார்க்க மாட்டாங்க" என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். பணம் தரவில்லை. படச்சுருள் கசங்காமல் இருக்க ஓர் அட்டைக் குழாய் இலவசமாகக் கொடுத்தார். விமானத்தில் அந்தக் குழாயைக் கையில் கொண்டுவர விட்டார்கள், ஒரு மடிப்புக்கூட விழவில்லை. வேலூரில் கண்ணாடி போட்டு ஃபிரேம் ஆயிற்று. சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பின்பக்கம் பென்சிலால் "1899க்குப் பின், போருக்கு முன்" என்று எழுதிவைத்திருக்கிறேன்.

ஐந்துக்கு மூன்றரை. தேதிக்கு ஒன்று, அளவுகோலுக்கு அரை கழித்தேன். கறைக்குக் கழித்திருக்க வேண்டும், அட்டைக் குழாய்க்காக விட்டேன்.

ஒரு வேண்டுகோள். அங்கே போகிறவர்கள் யாராவது அந்தக் குதாயிஸ் படத்தைப் பார்த்தால் எனக்காக ஒன்று கவனியுங்கள். அதிலும் 1846 என்று சீட்டு ஒட்டியிருந்தது. மேற்கே கடலோரம் பாதூம் ஊருக்குக் குதாயிஸின் நிறமே பூசியிருந்தால் அந்தப் படம் 1883க்கும் 1903க்கும் நடுவில் வரைந்தது, ஏனென்றால் அந்த இருபது வருஷம்தான் பாதூம் குதாயிஸுக்குள் இருந்தது, முன்னும் பின்னும் தனி ஓப்லாஸ்து. அப்படி இருந்தால் 80 லாரிக்கு மேல் கொடுக்காதீர்கள்.